ஒச்சாயி அக்காவின் தொட்டியில் யார் யாரைத் தின்றது

நெருப்பெரிச்சலில் எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு தொட்டி இருக்கிறது. அப்பா கத்தரியும் மிளகாயும் போட்ட நாளில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கட்டியது. இடுப்பளவு உயரம், ஒரு லாரி உள்ளே நிற்கும் அளவுக்கு அகலம், மேலே மூடி கிடையாது. தோட்டம் போய் அதே மண்ணில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்காக வாடகை வீடுகள் எழும்பியபோது, தொட்டியை மட்டும் அப்பா விட்டுவைத்தார். குடிக்கிற நல்ல தண்ணீர் எப்போது குழாயில் வரும் என்று யாருக்கும் தெரியாது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் போர்வெல்லின் உப்புத் தண்ணீர்தான். கரண்ட் இருக்கும்போது மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி வைத்தால் எல்லா வீடும் மொண்டுகொள்ளும்.

ஒச்சாயி அக்கா வீடு பார்க்க வந்த அன்று வீட்டைப் பார்க்கவே இல்லை என்று அப்பா இப்போதும் சொல்வார். நேராகத் தொட்டிக்குப் போய் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இங்கயே இருந்துக்கிறோம்யா" என்றாராம். கூட வந்த கணவர் ராஜபாண்டி, "ஊட்டுக்குள்ள கூரை இருக்கான்னாவது பாரு" என்றதற்கு, "கூரை ஒழுகுனா தண்ணிதானய்யா வரும்? வரட்டும்" என்றாராம்.

அதற்குக் காரணம் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு திருப்பூருக்கு வந்தவர்கள் இருவரும். ராஜபாண்டி அண்ணன் நிட்டிங் மிஷின் ஓட்டினார். ஒச்சாயி அக்கா தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூல் பிசிர்களைக் கத்தரிக்கும் வேலைக்குப் போனார். திருப்பூரில் ஒவ்வொரு வீடாக மாறினார்கள். ஒரு வீட்டில் குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். இன்னொன்றில் போர்வெல் வற்றியது. அதற்கடுத்த வீட்டில் சேலையை அலசினால் தண்ணீரில் இருந்த சாயம் சேலையில் ஏறியது. அவர் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது வருடம் சொல்லமாட்டார். "லாரித் தண்ணி வாங்குன வீட்டுல இருக்கையிலதான் மக பொறந்தா" என்பார். எங்கள் தொட்டிக்கு வந்தபிறகுதான் மூட்டை கட்டுவது நின்றது.

வடக்கே சில வருடங்கள் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியது சிக்குன்குனியா வந்த அந்த ஆடி மாதத்தில். ஒரு வாரம் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் வந்தேன். வந்து பார்த்தால் லைன் முழுக்க நொண்டிக்கொண்டிருந்தது. காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தால் ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒச்சாயி அக்காவுக்கு அடுத்த வீட்டு ரோஸ்மேரி அக்கா, சாத்தான்குளத்துக்காரர், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர், அந்த நிலையிலும் வாயை மூடவில்லை.

"டிரைவரே, எறக்கிவிடுத எடத்துல ஒரு ஊன்றுகோல் கடையும் போட்டிரும். ஒரே நாள்ல பணக்காரனாயிருவீரு."

ஒச்சாயி அக்காவுக்குக் காய்ச்சல் போனபிறகும் விரல்கள் மடங்கவில்லை. பிசிர் வெட்டும் சின்னக் கத்தரியைப் பிடிக்க முடியாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வெந்நீர்க் குவளையை இரண்டு உள்ளங்கையாலும் உருட்டிக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் புகை அடிக்க வந்த சுகாதாரத் துறை ஆட்கள் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். உள்ளே கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிந்தன.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றே பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து தொட்டியில் கொட்டினார். மறுநாள் தவளைகளும் தலைப்பிரட்டைகளும் தட்டான்பூச்சியின் புழுக்களும் செத்து மிதந்தன. எல்லாவற்றையும் அரித்துப்போட்டுத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டார். அடுத்த வாரமே அந்தச் சுத்தமான தண்ணீரில் மறுபடியும் கொசுப்புழு. முன்பைவிட அதிகம். தவளையும் தட்டானும் திரும்பி வர மாதங்கள் ஆகும். கொசுவுக்கு ஒரு வாரம் போதும். தன்னைத் தின்ன யாருமில்லாத வீட்டுக்கு அது முதல் ஆளாகக் குடிவந்திருந்தது. இதெல்லாம் அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"இதென்னால ஆகாதுங்க. தை பொறக்கட்டும். தொட்டிய இடிச்சுப்போட்டு அந்த எடத்துல ரெண்டு ரூம் எடுத்தர்றேன். ஊட்டுக்கு ஒரு ட்ரம் வாங்கி வெச்சுக்கங்க. லாரித் தண்ணி வருதுங்கல்ல?"

ஒச்சாயி அக்காதான் எழுந்தார்.

"ட்ரம்முக்குள்ள கொசு வராதாங்கய்யா? ஓனருகிட்ட கேட்டுட்டுத்தான் வருமா?"

"வேறென்னுங்க அம்மிணி பண்ணச் சொல்றீங்க? நாளைக்கு ஊரே என்னையத்தான பேசும்?"

"எங்கூரு கண்மாயில தண்ணி வருசம் பூரா கெடக்குமுங்கய்யா. இப்பிடிப் புழு நெளிஞ்சு நான் பாத்ததில்ல. ஏன்னா மீனு கெடக்கு. மீன விடுவோம். தை வரைக்கும் பாருங்க. அப்பயும் புழு கெடந்தா, மொத கல்ல நானே பேத்துக் குடுத்துட்டு வேற வீடு பாத்துப் போயிர்றேன்."

வேற வீடு என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அப்பா தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரில் ஒச்சாயி அக்காவும், சைக்கிளில் ராஜபாண்டி அண்ணனுமாகப் பக்கத்துக் குளத்துக்குப் போனோம். வலை கிடையாது. கம்பெனியில் கழித்துப்போட்ட மெஷ் துணி ஒன்று இருந்தது. விளையாட்டுக்காரர்கள் போடும் சட்டைக்கான, பொடிப்பொடி ஓட்டையுள்ள துணி.

"அமெரிக்காக்காரன் மாட்டிக்கிட்டு ஓட வேண்டியது. இங்க நம்ம மீன் பிடிக்கிறோம்" என்றார் ராஜபாண்டி அண்ணன், சேற்றில் துணியை இழுத்துக்கொண்டே.

"அவன் ஓடுனா என்னத்தக் கண்டான்? இந்தாரு, எம்புட்டு மீனு!"

விரல் நீளத்தில் பொடிமீன்கள். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னியது. தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரியும் சாதி. கொசுப்புழு தொங்குவதும் அதே மேல்மட்டம்தான். வாளி நிறைந்தது. கிளம்பும்போது கரையோரக் கோரைக்குள் சிவப்பாக ஒரு கொத்து அசைவது தெரிந்தது. ஒச்சாயி அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியை விரித்தார்.

"விரால் குஞ்சு!"

"அது எதுக்குடி?" என்றார் அண்ணன்.

"ஒரு கை கெடக்கட்டும்யா. பொங்கலுக்குள்ள வளந்துரும். லைனுக்கே கொழம்பு வெப்பம்ல?"

எல்லாம் தொட்டிக்குப் போயின. ரோஸ்மேரி அக்கா மட்டும் வெள்ளிப்பொட்டு மீன்களில் கொஞ்சத்தைத் தன் வீட்டு ட்ரம்முக்கு எடுத்துக்கொண்டார். கேபிள்காரன் ஒயரை அறுத்துவிட்டான், இனி இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார்.

மறுநாளே வித்தியாசம் தெரிந்தது. அந்த வாரக் கடைசியில் அப்பா டம்ளரில் மொண்டு பார்த்தபோது ஒரு புழு இல்லை. சாப்பிடும்போது அம்மாவிடம் மட்டும், "அந்தம்மிணி கெட்டிக்காரிதான்" என்றார். நான் தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். வெயில் பட்டுச் சுவரில் பாசி பிடிக்கும். கண்ணுக்கே தெரியாத அந்தப் பச்சைத் துகள்களை வாரி விழுங்கிக் கொசுப்புழு வளரும். அதைப் பொட்டு மீன் மேலே வந்து சடக்கென்று கொத்தும். ஓர் உயிர் இன்னொன்றின் சோறாக இருக்கும் அந்த ஏற்பாட்டைப் பார்க்க உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. பையைக் கட்டவேண்டும் என்ற நினைப்பு தள்ளிக்கொண்டே போனது.

பிறகு மீன்கொத்தி வந்தது. மோட்டார் ரூமுக்குப் போகும் கம்பியில் நீலமாக உட்காரும். கல்லைப் போட்டதுபோலத் தண்ணீரில் விழும். எழும்பும்போது வாயில் ஒரு மீன் இருக்கும்.

ஒச்சாயி அக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. விரல் மடங்காத கையாலேயே கல் எடுத்து எறிந்தார். கல் ராஜபாண்டி அண்ணனின் காய்ந்துகொண்டிருந்த லுங்கியில் பட்டது.

"ஏ, என் லுங்கியா மீன் திங்குது?"

"சிரிக்காதய்யா. மீனு போனா நம்ம தொட்டியும்ல போகும்!"

ரோஸ்மேரி அக்கா மெஷ் துணிகளை மெஷினில் ஒட்டித் தைத்துப் பெரிய போர்வையாக்கிக் கொடுத்தார். தொட்டியின் மேல் இழுத்துக் கட்டினார்கள். மொள்ளும்போது மட்டும் ஒரு மூலையைத் தூக்குவார்கள். அப்பா அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்தார்.

"தொட்டிக்கே பனியன் போட்டு உட்டுட்டீங்களா? சைஸ் என்னுங்க, எக்ஸெல்லா?"

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தது. ஒச்சாயி அக்காவின் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி, வேலைக்குத் திரும்பினார். மீன்கொத்தி கம்பியில் உட்கார்ந்து கீழே பார்க்கும், பிறகு பறந்து போகும். மார்கழி பிறந்தது. ஒருநாள் காலையில் ரோஸ்மேரி அக்கா மூலையைத் தூக்கி வாளியை விட்டவர் அப்படியே நின்றார்.

"எக்கா, இங்க வந்து பாரும்."

வாளிக்குள் கொசுப்புழு.

ஓடிப்போய் எல்லா மூலையையும் தூக்கிப் பார்த்தோம். வெள்ளிப் பொட்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தண்ணீர் கருத்துக் கிடந்தது. அப்பாவுக்குச் செய்தி போய், வந்து பார்த்தார். திட்டவில்லை. "தை வருதுங்க அம்மிணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. அன்று வேலை முடிந்து வந்த ஒச்சாயி அக்கா, ராஜபாண்டி அண்ணனிடம் முதலிபாளையம் பக்கம் வீடு ஏதாவது கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் முழுக்கக் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. எல்லோரும் மொண்டு மொண்டு தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போய்விட்டது. சாயங்காலம் ஒச்சாயி அக்காவும் நானும் ரோஸ்மேரி அக்காவோடு அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ட்ரம். ஒச்சாயி அக்கா சும்மா எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று பார்த்தார்.

"ரோசு, இதுல என்னடி இம்புட்டு மீனு?"

"குஞ்சு பொரிச்சிக் கெடக்கு. நான் என்ன செய்ய? சோறுகூடப் போடல."

"புழு?"

"ஒண்ணு கெடயாது."

"அதே மீனு. அதே உப்புத் தண்ணி. இங்க மட்டும் எப்பிடி?"

"இங்க மீன்கொத்தி வராதுல்லா? அதாம்."

"தொட்டிக்கும்தான் ரெண்டு மாசமா வரலியே. பனியன் போட்டு வெச்சிருக்கமே."

சொல்லி முடிக்கும்போதே அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். தொட்டிக்குப் போய்த் துணியை அவிழ்த்து ஒரு பக்கமாக வீசினார். குறைந்த தண்ணீரில் ஒரு குச்சியை விட்டுக் கலக்கினார். பளாரென்று தண்ணீர் தெறித்தது. கரிய முதுகு ஒன்று உருண்டு உள்ளே போனது. பக்கத்தில் இன்னொன்று.

"ஆத்தாடி" என்று விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "கள்ளன் உள்ளயே இருக்கான். நான்தானே கொண்டாந்து விட்டேன்."

விரால் மீனைத் தின்னும் மீன் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கண்மாய்க் கரையில் வளர்ந்தவர். ஆனால் கண்மாயில் விரால் தின்று பொடிமீன் தீர்ந்ததை அவர் பார்த்ததே இல்லை. அங்கே பொடிமீனுக்கு ஓடக் கோரை உண்டு, சேறு உண்டு. விராலைப் பிடிக்கக் கொக்கும் நாரையும் உண்டு, வலையோடு மனிதர்களும் உண்டு. இங்கே நாலு பக்கமும் சுவர். மேலே துணி.

"விராலுக்குச் சோத்துப் பானைக்குள்ளயே வீடு கட்டிக் குடுத்துருக்கேன், தாயி" என்றார் என்னைப் பார்த்து. பிறகு சிரித்துவிட்டார். முந்தின நாள் காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியை இறைத்தார்கள். ராஜபாண்டி அண்ணன் உள்ளே இறங்கினார். ஒரு விராலைக் கட்டிப்பிடிக்க, அது வழுக்கி அவர் நெஞ்சில் அறைந்துவிட்டுத் தாவி வெளியே விழுந்தது. புழுதியில் பாம்புபோல நெளிந்து ஓடியதைத் துவைக்கும் கல்லருகே ரோஸ்மேரி அக்கா சேலை முந்தானையைப் போட்டு அமுக்கினார்.

"பிடிச்சிட்டேன்! நாசமாப் போவான், என் நல்ல சேலை!"

எல்லாம் முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தன. எங்கள் கண் முன்னால் காணாமல் போன அத்தனை வெள்ளிப் பொட்டுகளும் அந்த உடம்புகளாகத்தான் மாறியிருந்தன. பொங்கலுக்கு என்று நினைத்த குழம்பு மார்கழியிலேயே கொதித்தது. ஒச்சாயி அக்கா ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தார். அப்பா ஒரு வாய் வைத்ததுமே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏனுங்க, கொழம்பக் குடுத்துத் தொட்டியக் காப்பாத்தலாம்னு பாக்கறீங்களா? இந்தக் காரத்துக்கு நாளைக்கே இடிக்கலாமுங்க."

"அதுக்கில்லங்கய்யா. விராலத் திங்கிறதுக்குத் தொட்டியில ஒரு ஆளு இல்ல. நம்மதான் திங்கணும். நம்ம திண்டாத்தான் சின்ன மீனு பொழைக்கும். சின்ன மீனு பொழச்சாத்தான் நம்ம பொழைப்போம்."

அப்பா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

ட்ரம்மிலிருந்த மீன்களில் பெரும்பங்கு தொட்டிக்குப் போனது. துணியை மறுபடி கட்டலாம் என்று ரோஸ்மேரி அக்கா எடுத்து வந்தபோது ஒச்சாயி அக்கா தடுத்தார்.

"வேணாம்டி. இந்த ஓட்டையில கொசு புகுந்து முட்டை போட்டுச்சு. தட்டான் புகுந்துச்சா? தவளை புகுந்துச்சா?"

"அப்ப மீன்கொத்தி?"

"வரட்டும். ஒண்ணு ரெண்டு எடுத்துட்டுப் போகட்டும். விராலு மாதிரி உள்ளயே உக்காந்தா திங்கப் போகுது?"

தை பிறந்து பொங்கல் முடிந்ததும் அப்பா சொன்னபடி வந்தார். கூட இரண்டு ஆட்கள், தோளில் கடப்பாரை. லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஒச்சாயி அக்கா கம்பெனிக்குப் போகவில்லை. வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

அப்பா கையில் எவர்சில்வர் டம்ளர். ஒரு மூலையில் மொண்டார், ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. வடக்கு மூலையில், பாசி அடர்ந்த இடத்தில் மொண்டு பார்த்தவரின் புருவம் சுருங்கியது. டம்ளரை ஒச்சாயி அக்காவிடம் நீட்டினார்.

"இதென்னுங்க?"

நானும் எட்டிப் பார்த்தேன். சின்னதாக, நூல் பிசிர்போல, சில புழுக்கள்.

ஒச்சாயி அக்கா டம்ளரை வாங்கினார். தொட்டியின் நடுப்பக்கம் போய், விளிம்பில் சாய்ந்து, அந்தத் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றினார். தண்ணீர் விழுந்த இடத்துக்கு வெள்ளிப் பொட்டுகள் நாலா பக்கமிருந்தும் வந்தன. பத்துப் பதினைந்து சடக் சடக். பாசியை விட்டு வெளியே வந்த புழுவுக்கு அவ்வளவுதான். தண்ணீர் அடங்கியது.

"எங்கய்யா இருக்கு? காட்டுங்க" என்றார்.

அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மறுபடியும் வடக்கு மூலைக்குப் போய் மொண்டு வந்து, தானே ஊற்றிப் பார்த்தார். மீண்டும் வெள்ளிப் பொட்டுகள் வந்தன. மூன்றாவது முறை அவர் மொண்டு வந்தது சோதிப்பதற்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது. சிறுபிள்ளைபோல ரசித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் தலைக்கு மேலிருந்த கம்பியிலிருந்து நீலமாக ஒன்று விழுந்து, தெறித்த தண்ணீர் அவர் சட்டையை நனைத்தது. மீன்கொத்தி மீனோடு எழும்பிப் போனது.

"ஐயோ, போச்சுங்க ஒண்ணு!" என்று கத்திவிட்டார் அப்பா.

"போகட்டுங்கய்யா" என்றார் ஒச்சாயி அக்கா. "அது பங்கு."

கடப்பாரைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"வந்தது வந்துட்டீங்க. அந்தத் தெக்கால சுவத்துல ஒரு வெடிப்பு இருக்குதுங்க. சிமெண்டு கொழச்சு அதைப் பூசிட்டுப் போங்க."

ரோஸ்மேரி அக்கா கையைத் தட்ட, ராஜபாண்டி அண்ணன் விசில் அடித்தார். ஒச்சாயி அக்கா மட்டும், வீடு பார்க்க வந்த அன்று செய்ததாகச் சொல்வார்களே, அதேபோல முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் தவளைச் சத்தம் திரும்பியது. தட்டான்களும் வந்து வாலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு முட்டை போட்டன. குளிர் நாட்களில் ஒச்சாயி அக்காவின் விரல்கள் இன்னமும் வலிக்கின்றன, ஆனால் கத்தரி பிடிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு லைன்களிலிருந்து பெண்கள் தூக்குவாளியும் பிளாஸ்டிக் கவருமாக மீன் கேட்டு வருகிறார்கள். அவர் அதே மெஷ் துணியில் அரித்து அள்ளிப் போடுவார். போகிறவர்களை வாசல்வரை விரட்டிக்கொண்டே போய் ஒன்றைச் சொல்வார்.

"ஏத்தா, விரால் திங்க ஆசை வந்தா சந்தையில வாங்கித் தின்னு. தொட்டியில மட்டும் விட்டுறாத. கேட்டியா?"